வளரவிட்ட தாடி

இன்னும் கொஞ்சம் நீளணும். இப்ப தொட்டா உப்புத்தாள் மாதிரிதான் இருக்கு. இடுக்கிக்குப் பிடி கிடைக்காது. ஊசி பழகற அந்தப் பொண்ணுக்குக் கை வேற நடுங்கும். ஒரே முடியை மூணு தடவை குத்துவா. சனிக்கிழமை வரைக்கும் கை வைக்கக் கூடாது. வைக்கவே கூடாது.

முகத்தைத் துண்டால் ஒற்றினாள். துண்டின் நூலிழைகள் தாடையில் சிக்கி இழுபட்டன. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சவரக்கத்தியைப் போன வாரமே அலமாரியின் மேல்தட்டில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் செருகியாயிற்று. குடியை விட்டவன் புட்டியை ஒளித்து வைக்கிற மாதிரி. ஒளித்த இடம் ஒளித்தவளுக்கே தெரியும் என்பதுதான் அதில் உள்ள வேடிக்கை.

ஒளியைப் பாய்ச்சி முடியைக் கருக்கும் கருவி கருப்பு முடியை மட்டுமே தேடிப்போய்ச் சுடும். இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதைச் செய்துகொண்டிருந்தாள். கன்னம் ஓரளவு சுத்தமானது. மோவாயிலும் மேலுதட்டிலும் தாடையோரத்திலும் இருந்த நரை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நாற்பதை நெருங்கும்போது ஆரம்பித்தால் இப்படித்தான் என்று அந்தக் கருவியை இயக்கிய பெண் சொன்னாள், ரயிலைத் தவறவிட்டவளிடம் சொல்வதுபோல. நரைக்கு ஊசிதான் வழி. ஒவ்வொரு முடியின் வேருக்குள்ளும் மெல்லிய ஊசியை இறக்கி, துளி மின்சாரத்தை விட்டு, இடுக்கியால் உருவ வேண்டும். பெரிய நிலையங்களில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் அரை மாதச் சம்பளம் போய்விடும். அந்த ஒரு தடவையில் கட்டைவிரல் அளவு இடம் தேறும்.

அதனால்தான் பயிற்சிக்கூடம். அழகுநிலைய வேலை படிக்கும் பெண்கள் தேர்வுக்கு முன்னால் உயிருள்ள முகங்களில் கை பழக வேண்டும். அதற்காக வருடத்துக்கு இரண்டு தடவை சில முகங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் பெயருக்குத்தான். வலி அதிகம், நேரம் அதிகம், அங்கங்கே தழும்பு விழுந்தால் கேட்க முடியாது. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. இடுக்கி கவ்வும் அளவுக்கு முடி வளர்ந்திருக்க வேண்டும். ஊசிக்கு முந்தைய பத்து நாள் சவரம் கூடாது.

அதாவது, பெண் முகம் வேண்டுமென்றால் அவள் முதலில் பத்து நாள் தாடியோடு நடமாட வேண்டும்.

மற்ற நாட்களில் இந்த நேரத்தில் அவள் பாதி வேலையை முடித்திருப்பாள். முடி போகிற திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை மழிப்பாள். மழித்த பிறகும் தோலுக்கடியில் ஒரு நீலம் தெரியும். அதன்மேல் சிவப்பு உதட்டுச்சாயத்தை விரலால் தேய்த்து, மேலே முகப்பூச்சைப் பரப்பினால் நீலம் அடங்கும். சிவப்பு நீலத்தைத் தின்னும் என்று கண்டுபிடிப்பதற்குள் எத்தனையோ சாயங்கள் வீணாகியிருந்தன. முகப்பூச்சும் அவள் நிறத்துக்கு ஒரு படி வெளுப்பானது. அவள் நிறத்தில் வருவது இரண்டு மடங்கு விலை. அதனால் மலிவானதை வாங்கி அதில் கோகோப்பொடியைக் குழைப்பாள். வெயிலில் வியர்த்தால் அக்காவிடமிருந்து பிஸ்கட் வாசனை வருகிறது என்று தங்கை சிரிப்பாள்.

சிரித்தாலும் ‘அக்கா’ என்று சொல்லிச் சிரிப்பவள் அந்த வீட்டில் தங்கை ஒருத்திதான். மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர் சீட்டு இவளுடையது, ஊழியர் தள்ளுபடி தங்கையுடையது என்று ஹார்மோன் மாத்திரைகள் வந்துகொண்டிருந்தன.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகவே வேலைக்குக் கிளம்பினாள். முன்வாசல் வழியாக அவள் போய் இரண்டு வருடமாகிறது.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துவைத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி அது. முன்பக்கம் கண்ணாடிக் கதவும் மேசையும் மின்விசிறியுமாக உருப்படியாக இருக்கும். அங்கே தனி ஆட்களின் துணிகளை வாங்கி, சீட்டுக் கொடுப்பார்கள். பின்பக்கம் நீராவியும் இரைச்சலும்தான். ஈரப் போர்வைகள் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி விறைப்பாக வரும். பிடி நழுவினால் துணி கோணிக்கொள்ளும். விரலை எடுக்க மறந்தால் விரல் வெந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்புதான் முதலாளியம்மா அவளை முன்மேசைக்கு மாற்றியிருந்தாள். சம்பளம் கொஞ்சம் கூடுதல். அதைவிட, நாள் முழுக்க ஆட்கள் ‘மேடம், இந்தக் கறை போகுமா’ என்று கேட்பார்கள். போகாத கறைக்குக்கூட அவள் போகும் என்று சொன்னதுண்டு.

தாடிக்காக அதை விட வேண்டியிருந்தது. போன வெள்ளிக்கிழமை முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

“ஒரு வாரம் பத்து நாள் பின்னாடி நிக்கறேம்மா.”

“ஏன், முன்னாடி என்ன கொறைச்சல்?”

முகக்கவசத்தைக் கீழே இறக்கிக் காட்டினாள். முதலாளியம்மா ஒரு விநாடி பார்த்துவிட்டுப் பார்வையைக் கணக்கு எந்திரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். கெட்டவள் இல்லை. பார்த்தது பிடிக்காவிட்டால் வேறு எதையாவது பார்க்கத் தெரிந்தவள்.

“மூடிக்கோ, மூடிக்கோ. பின்னாடியே நில்லு. முன்னாடிக்கு அந்தப் புதுசா வந்த பொண்ணைப் போடறேன். ஆனா ஒண்ணு, அவ நல்லா பண்ணிட்டான்னா அப்புறம் வந்து என் இடம் என் இடம்னு நிக்கக் கூடாது.”

“சரிம்மா.”

“முகம் சரியானதும் பாத்துக்கலாம்.”

முகம் சரியானதும். அந்தச் சொல்லை அவள் உருளையின் முன்னால் நின்று பலமுறை உருட்டிப் பார்த்தாள். எந்த மாதத்தில், எந்த விலையில் ஒரு முகம் சரியாகும் என்று யாராவது அவளுக்குச் சொன்னால் தேவலை.

பின்பக்கத்தில் அவளுக்கு ஜோடியாக நின்றது ‘ரேடியோ’. வாய் ஓயாதவள் என்பதால் அந்தப் பெயர். இவளுக்கு அங்கே ‘நெட்டை’ என்று பெயர். உயரத்தை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடும் அந்தப் பெயர் இவளுக்குப் பிடித்திருந்தது.

“என்ன நெட்டை, ராஜ்யம் போச்சா? மறுபடியும் எங்க கூடதானா?” என்றாள் ரேடியோ, போர்வையின் முனையை வீசிக்கொண்டே.

“உன் குரல் கேக்காம தூக்கம் வரல, அதான் வந்தேன்.”

“வா வா. மாஸ்க் எதுக்கு, பஞ்சுத் தூசிக்கா? நான் நம்பிட்டேன். கழுத்துல ரெண்டு வெள்ளி முடி எட்டிப் பாக்குது பாரு.”

இவள் முகக்கவசத்தை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

“என்கிட்ட மறைக்கறியா? உன் மாருல கடுகு முளைச்ச கதையே நான்தான் முதல்ல பாத்தேன்.”

அது உண்மை. ஆரம்பத்தில், சிலிக்கான் வாங்கக் காசில்லாத நாட்களில், துணிப் பையில் கடுகைக் கொட்டித் தைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கனம், நல்ல அசைவு. ஆனால் லாண்டரியின் சூட்டுக்கும் நீராவிக்கும் வியர்வைக்கும் நடுவில் அது சும்மா இருக்கவில்லை. ஒருநாள் உடை மாற்றும் அறையில் தையல் ஓரமாக வெளிர்ப் பச்சையாக ஒன்று தலை நீட்டியதை ரேடியோதான் பார்த்தாள். ‘அடியே, நெட்டைக்கு விளைச்சல்டி’ என்று அன்று முழுக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், உரிமையாளர் வந்து எடுக்காத துணிகளை மலிவாகத் தள்ளிவிடும் மூட்டையிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த ஒரு உள்ளாடையைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். இவள் உடம்பில் கிடக்கும் முக்கால்வாசித் துணி அந்த மூட்டையில் கிடைத்தது. யாரோ மறந்துபோன கவுன், யாரோ செத்துப்போனதால் எடுக்கப்படாத மேல்சட்டை. யாருடையது என்று அவள் யோசிப்பதில்லை. அளவு சரியாக இருந்தால் அது அவளுக்காகவே மறக்கப்பட்டது.

“வீட்ல என்ன சொல்றாங்க?” ரேடியோ கேட்டாள்.

“வீட்ல யாரு பாக்கறாங்க?”

அதுவும் உண்மையாகத்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை வரை.

கொல்லைப்புறத்தில் முன்பு தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையில் அவள் இருந்தாள். அம்மாவும் தங்கையும் முன்பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் முதன்முதலாகக் கவுன் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. சிமென்ட் கடை வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். “அக்கா, இது இருக்கற வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்” என்றார். அதற்கப்புறம் வரவில்லை. அம்மா அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை; அப்படிச் சொல்வது அம்மாவுக்கு வராது. அவளுடைய சாமான்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கொல்லை அறைக்கு நகர்ந்தன. தட்டு அறை வாசலில் மூடி வைக்கப்பட்டது. “சாப்பாடு வெச்சிருக்கு” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். “தண்ணி வருது.” “கரண்ட் பில் வந்திருக்கு.” மகனே என்றும் இல்லை, மகளே என்றும் இல்லை, நீ என்றுகூட இல்லை. ஒரு பெண்மணி இரண்டு வருடம் யாரையும் விளிக்காமல் தமிழ் பேச முடியும் என்பதை அவள் அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை. முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டியது. கொல்லைக்குள் வந்ததும் அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குழாயடியில் குனிந்து முகத்தைக் கழுவினாள். நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் மூடி வைத்த தட்டு.

இரண்டு பேருக்கும் நடுவே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. நெருங்கி வந்தாள். மழையில் நனைகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வெறுங்கையை நீட்டி, மகளின் மோவாயைத் தொட்டாள். விரல்கள் நரைமுடிகளின்மீது மெதுவாகப் போய் வந்தன.

“உங்கப்பாவுக்கும் இந்த இடத்துலதான் முதல்ல வெளுத்துச்சு” என்றாள்.

அம்மாவின் கையில் பூண்டு மணம் இருந்தது.

“மழையில நிக்காதப்பா. உள்ள வா. உள்ள வந்து சாப்பிடு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இது வேறம்மா, சனிக்கிழமை பிடுங்கப் போறாங்க’ என்று ஒரே மூச்சில் முடிகிற விஷயம். இரண்டு வருடத்தில் யாரும் தொடாத முகம் அது. பயிற்சிக்கூடத்துப் பெண்கூட ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு, பருப்பு, பொரித்த முட்டை. முட்டையை அம்மா தன் தட்டிலிருந்து எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

“இளைச்சுட்ட. கண்டதைத் தின்னு கண்ட மாத்திரையைப் போட்டு… சரி விடு. இப்ப எதுக்கு அது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ.”

“போதும்மா.”

“என்ன போதும்? ஆம்பளப் பிள்ள திங்கற சோறா இது?”

வாயில் இருந்த கவளத்தை அவள் மென்று விழுங்கினாள். ருசியாக இருந்தது. அதுதான் அவளால் தன்னை மன்னிக்க முடியாத விஷயம். கசந்திருக்க வேண்டும், ருசியாக இருந்தது.

தங்கை கடையிலிருந்து வந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பாட்டுக் கேட்டு வருடக்கணக்காகிறது. தங்கை செருப்பைக் கழற்றாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலையில் பேருந்து நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். முன்வாசல் வழியாக.

“சொல்லலையா?” தங்கை கேட்டாள்.

“என்னத்த?”

“என்னத்தவா? அம்மா காலையில எழுந்து அப்பா சட்டையெல்லாம் எடுத்து வெயில்ல போட்டிருக்கா. வெயிலே இல்ல, இருந்தாலும் போட்டிருக்கா. நீ திரும்பி வந்துட்டன்னு நெனைச்சிட்டிருக்காக்கா.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“இல்லன்னும் சொல்லல.”

சாலையோரத் தண்ணீரை இருவரும் தாண்டினார்கள். இவளுடைய செருப்பு ஆண்களுடையது. வாரை அறுத்து மெல்லியதாகத் தைத்திருந்தாள். இவள் காலளவுக்குப் பெண்கள் செருப்பு எந்தக் கடையிலும் இல்லை.

“ரெண்டு நாள் விடேன்டி” என்றாள் மெதுவாக.

“ரெண்டு நாள் விட்டா?”

“சூடா சாப்பிடறேன். அவ்வளவுதான்.”

“அது பொய்ச் சோறுக்கா.”

“சோறுல என்னடி பொய்யும் மெய்யும். நீ தினமும் அவ எதிர்ல உக்காந்து திங்கற. உனக்கு எப்படித் தெரியும்.”

தங்கை முகம் சுண்டிப்போயிற்று. இரண்டடி முன்னால் நடந்தாள். பிறகு, “அது தாடிக்குப் போடற சோறு. நீ அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு திங்கற” என்றாள். சொல்லிவிட்டு அழுகிறாளோ என்று பார்த்தால் அழவில்லை. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. லாண்டரியில் உலர்த்தும் எந்திரங்கள் மூச்சு வாங்கின. போர்வைகள் குவிந்தன. ஆஸ்பத்திரிப் போர்வைகளில் எத்தனை துவைத்தாலும் போகாத மருந்து வாடை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது அதிகமாகும். முகக்கவசத்துக்குள் தாடி அரித்தது. முன்மேசையில் புதுப்பெண் வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசுவது கதவு திறக்கும்போதெல்லாம் கேட்டது. நன்றாகத்தான் பேசினாள்.

வீட்டிலோ பந்தி நடந்தது. புதன்கிழமை ராத்திரி முட்டைக்குழம்பு. வியாழக்கிழமை வறுத்த மீன். அம்மா அவள் தலைக்கு எண்ணெய் வைத்தாள். முடி தோள் வரை இறங்கியிருந்ததைப் பார்த்து, “இதை மட்டும் கொஞ்சம் வெட்டிக்கலாம், அவசரமில்ல” என்றாள், பேரம் பேசுபவளின் பணிவோடு. உச்சியில் எண்ணெயைத் தட்டித் தட்டித் தேய்க்கும்போது அம்மாவின் வயிறு இவள் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். சிறுவயதில் காய்ச்சல் கண்டால் இப்படித்தான் இருக்கும். காய்ச்சல் விட்டுவிடக் கூடாது என்று அப்போதெல்லாம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் புதன்கிழமை ராத்திரியிலிருந்து அம்மா பாடுவதை நிறுத்தியிருந்தாள். அது இவளுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போர்வை உதறும்போது ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோ அதிசயமாகக் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டாள்.

“மீன் என்ன மீன்?”

“நான் என்ன சொல்றேன், நீ மீனைக் கேக்கற.”

“கேக்கறேன். பெருசா சின்னதா?”

“பெருசுதான். நடுத்துண்டு.”

“நடுத்துண்டு போட்டாளா. அப்ப கஷ்டந்தான்.” போர்வையை உருளைக்குள் கொடுத்துவிட்டு விரலை எடுத்தாள். “எங்கம்மா நான் இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டப்புறம் ஏழு வருஷம் பேசல. அவன் விட்டுட்டு ஓடினானே, அன்னைக்குத்தான் மொத மொதலா சோறு போட்டா. நல்லா வயிறு முட்டத் தின்னேன். அப்புறம் வெளிய வந்து அவ்வளவையும் வாந்தி எடுத்தேன். என் வாழ்க்கை நாசமானதுக்கு வெச்ச விருந்து அது, வேறென்ன.”

“அப்புறம் போனியா?”

“போகாம? தின்னுட்டுத் தின்னுட்டு வந்தேன். நாக்குக்கு எங்கடி மானம்.” சிரித்தாள். “சனிக்கிழமை போறதானே?”

“போறேன்.”

“என்னத்துக்குப் போறேன்னு இழுக்கற? போறேன்னு சொல்லு.”

“போறேன்னுதான் சொன்னேன்.”

“உன் மூஞ்சி சொல்லல. மூடியிருக்கு, இருந்தாலும் சொல்லல.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கூடம் பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. நாற்காலியின் பிய்ந்த பிரம்பின்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டை ஆணியில் தொங்கியது. அதை யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டை சரியாகப் படியவில்லை. தொழில் பழக்கத்தில் அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். தங்கை இன்னும் வரவில்லை.

“உக்காரு” என்றாள் அம்மா.

உட்கார்ந்தாள். அம்மா எதிரில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மாமா வர்றான்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? அக்கா வீட்டுக்குத் தம்பி எதுக்கு வருவான். செவ்வாய்க்கிழமை ராத்திரியே போன் பண்ணிட்டேன். பையனுக்குப் புத்தி வந்திருச்சுடா, வந்து பாருன்னேன். போன்லயே ‘அக்கா அக்கா’ன்னு அழறான். சின்னவளுக்கும் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கானாம். குடும்பத்தோட வர்றான்.”

இனித் தள்ளிப்போட முடியாது. அவள் தாடியில் கை வைத்தாள்.

“அம்மா, இது வந்து…”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊசி போட்டுப் பிடுங்கறதுக்குத்தான் வளத்திருக்கேன்னு தெரியும். சின்னவ புதன்கிழமை வந்து சொல்லிட்டா. மூஞ்சிக்கு நேரா கத்திட்டுப் போனா.”

புதன்கிழமை. முட்டைக்குழம்பு அதற்கப்புறம். மீன் அதற்கப்புறம். எண்ணெய் அதற்கப்புறம். அவள் மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தது.

“தெரிஞ்சுமா மீன் வறுத்த?”

“வாங்கிட்டேனே. வாங்கினதை என்ன பண்ணச் சொல்ற.”

அம்மா தரையில் இல்லாத தூசியை விரலால் ஒதுக்கினாள். “நீயும் சொல்லல. நானும் கேக்கல. நல்லாத்தானே இருந்துச்சு” என்றாள்.

இருந்தது என்று சொல்ல இவளுக்கும் ஆசைதான்.

“இங்க பாரு. நான் உன்னை மாறச் சொல்லல. அதெல்லாம் முடிஞ்ச கதை. எனக்கும் வயசாச்சு, கத்தறதுக்குத் தெம்பில்ல. அந்த ஊசியை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடு. ஞாயித்துக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காரு. அவன் சாப்பிட்டுட்டுப் போகட்டும். அப்புறம் உன் இஷ்டம்.”

“தள்ளிப் போட முடியாதும்மா. அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை. நான் போகலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுப்பாங்க. காத்துட்டு நிறையப் பேர் இருக்காங்க. மறுபடியும் ஆறு மாசம்.”

“காசு குடுத்துப் பண்ற இடம் இருக்குதில்ல?”

“இருக்கு. யாரு குடுப்பா?”

“நான் குடுக்கறேன்.”

அவள் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

“சீட்டுப் பணம் வருது. சின்னவளுக்குன்னு வெச்சிருந்தது. அதுல பாதி எடுத்துக்கோ. பெரிய இடத்துலயே போய் உக்காந்து பண்ணிக்கோ. கை நடுங்காத ஆளா பாத்துப் பண்ணிக்கோ.” அம்மா ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். “ஒரு நாள். எனக்குன்னு ஒரு நாள். என் பக்கத்து மனுஷன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான்.”

அம்மா இதுவரை எந்தப் பொருளுக்கும் இவ்வளவு விலை கொடுத்து இவள் பார்த்ததில்லை. மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது, வேண்டாமென்றாலும் போட்டது. மோவாய் முழுக்க முடியும். மேலுதடும் முடிந்துவிடும். தழும்பு விழாது. முன்மேசை திரும்பக் கிடைக்கும். எல்லாம் அந்த நீலக்கோட்டுச் சட்டையில் ஒரு மணி நேரம். வெட்கமாக இருந்தது, கணக்கு இவ்வளவு சரியாக வந்ததில்.

ஆனால் மாமா கையைப் பிடித்துக் குலுக்குவார். முதுகில் தட்டுவார். ‘எங்கடா போயிட்ட இத்தனை நாள்’ என்பார். அதற்கு அவள் சிரிக்க வேண்டும். கடைக்கு வா என்பார், தங்கைக்கு இடம் பேசும்போது அண்ணனாக நிற்க வா என்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்தது திங்கட்கிழமை என்பது அம்மாவுக்கும் தெரியும். தெரியாததுபோல இருக்க அம்மாவால் முடியும். மீனை வறுத்த மாதிரி.

அதைவிட, இந்த முடிகள். ஒவ்வொன்றையும் அவள் எப்படிப் பொறுத்துக்கொண்டு வளர்த்தாள் என்று யாருக்கும் தெரியாது. பிடுங்குவதற்காக வளர்த்ததால்தான் பொறுத்துக்கொள்ள முடிந்தது. காட்டுவதற்காக என்றால் ஒரு நாள்கூடத் தாங்காது.

“வேணாம்மா” என்றாள்.

“என்ன வேணாம்?”

“பணம் வேணாம். அது அவளுக்கு வெச்சது. நான் நாளைக்குப் போறேன்.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சல் மெதுவாக முகத்திலிருந்து வடிந்து, பழைய இறுக்கம் வந்து உட்கார்ந்தது. எழுந்து, ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். மடிக்கத் தெரியாமல் மடித்தாள்.

“பிடுங்கினா மூஞ்சி எப்படி இருக்கும்?”

“வீங்கும். சிவந்துபோய்ப் பொருக்குப் பொருக்கா இருக்கும், நாலஞ்சு நாளைக்கு.”

“அந்த மூஞ்சியோட அவன் எதிர்ல நிப்பியா?”

அவள் கை மோவாய்க்குப் போயிற்று.

“சரி. போ. போய்ப் பிடுங்கிக்கோ. ஞாயித்துக்கிழமை மட்டும் இங்க இருக்க வேணாம். காலையிலேயே எங்கயாவது போயிடு. வெளியூருக்கு வேலை விஷயமா போயிருக்கான்னு சொல்லிக்கறேன். இருட்டினப்புறம் வா. அதையாவது செய்.”

வெளியே மழை வலுத்திருந்தது. கொல்லைக் கொடியில் அவளுடைய கவுன் நனைந்து, தண்ணீர் கனத்தில் நீண்டு தொங்கியது. அதை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்து நின்றாள். நின்றபோது அம்மாவைவிட இரண்டு தலை உயரமாக இருந்தாள். அதற்காக எப்போதும்போல் தோளைக் குறுக்கிக்கொள்ளவில்லை.

“ஞாயித்துக்கிழமை எனக்கு லீவும்மா” என்றாள். “வீட்லதான் இருப்பேன்.”